குளத்துப் பூட்டு

விடிவதற்குள் மேற்குச் சரிவில் பாதியைத் தோண்டிவிட்டோம். தீ அணைந்த பிறகுதான் முதுகை ஒடிக்கிற வேலை தொடங்கும். மேலே சாம்பல் ஆறிக் கிடக்கும். உள்ளே வேர் கனன்றுகொண்டிருக்கும். புறங்கையை மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். சுட்டால் மண்வெட்டி, தண்ணீர், மறுபடி புறங்கை. இருமினால் சளி கறுப்பாக வந்தது. பூட்ஸின் அடிப்பாகம் இளகி, அடிக்கு அடி பாறையில் ஒட்டிப் பிரிந்தது.

நாங்கள் பன்னிரண்டு பேர். கல் அறுக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர், எங்களுக்குத் தலைவராக ஒரு டெய்லர். யாருக்கும் இது சம்பள வேலையில்லை. காடு பற்றிக்கொண்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவோம். பதின்மூன்றாவது ஆள் என் அண்ணன். அவனை நேற்று அடக்கம் செய்தோம்.

மூன்று நாளைக்கு முன், இதே சரிவில், அவன் தண்ணீர் ஓஸின் முனையைப் பிடித்திருந்தான். நான் பத்தடி பின்னால். எங்கள் தொட்டி வண்டியில் தண்ணீர் தீரப் போகிறது என்று தெரிந்ததும் டெய்லர் கல் குவாரியின் குளத்துக்கு ஓடினார். பம்பை அங்கே இறக்கினால் போதும். குளம் விளிம்புவரை நிறைந்திருந்தது. கம்பிக்கதவு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் உள்ளே சாவியோடு நின்றுகொண்டு, "முதலாளி உத்தரவு இல்லாம தொறக்க முடியாது" என்றான். டெய்லர் கல்லால் அடித்துப் பூட்டை உடைப்பதற்குள் என் கையிலிருந்த ஓஸ் தொய்ந்துபோனது. காற்று திரும்பியது. அண்ணன் என்னைப் பிடித்துச் சரிவில் கீழே தள்ளினான். அவன் இறங்கி வரவில்லை.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் வாட்ச்மேனின் முகம்தான். தோண்டுகிற ஒவ்வொரு வெட்டும் அவன் மேல்தான் விழுந்தது.

வெயில் ஏறியபோது, எல்லாரும் குவாரி வாசலுக்கு வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். முதலாளி மேடை போட்டிருந்தார். பதக்கங்கள், போட்டோ எடுக்க இரண்டு பேர். அண்ணியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் கல் அறுக்கும் மெஷின்கள் அலறிக்கொண்டிருந்தன. அந்தக் குளத்துத் தண்ணீர்தான் அவற்றின் பற்களில் வழிந்துகொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் பெரிய வீரன்மா," என்றார் முதலாளி. "நம்ம குவாரி கல்லுலயே அவர் பேர் வெட்டி வாசல்ல வைக்கிறேன். இருக்கறதுலயே பெரிய கல்லா பாத்து."

"தண்ணி ஏன் குடுக்கலைன்னும் அதுல வெட்டுவீங்களா?" என்றாள் அண்ணி.

போட்டோக்காரர்கள் காமிராவை இறக்கினார்கள்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அது அந்த முட்டாள் வாட்ச்மேன் பண்ணின வேலைம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நானே ஓடி வந்து தொறந்திருப்பேன். அவனை வேலையவிட்டுத் தூக்கிட்டேன். போதுமா?"

எனக்குப் போதுமாக இருந்தது. மண்வெட்டியோடு வாட்ச்மேன் அறைக்கு நடந்தேன். டெய்லர் "ஏய், நில்லும்மா" என்று கத்தியது காதில் விழுந்தது. கால் நிற்கவில்லை.

ஒற்றை ஜன்னல் அறை. படுக்கையைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், மண்வெட்டியைப் பார்த்தான். ஓடவில்லை.

"அடிச்சிடும்மா," என்றான். "ஆனா முதலாளி சொன்னதைக் கேட்டுட்டு அடி. மூணு தடவை போன் பண்ணேன். சரிவுல ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க சார்னு கெஞ்சினேன். 'மலை எரிஞ்சா மழையில முளைக்கும்டா, மெஷின் நின்னா நீயா பதில் சொல்லுவே? தொறந்தே, தொலைச்சுடுவேன்'னாரு."

"சாவி உன் கையிலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "பயந்துட்டேன். வேற என்ன சொல்ல?"

மண்வெட்டி என் தலைக்கு மேல் போயிருந்தது. பின்னாலிருந்து அண்ணி காம்பைப் பற்றிக்கொண்டாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. வாசலில் டெய்லரும் மற்றவர்களும் நின்றார்கள்.

"இவனை அடிச்சா அந்த முதலாளிக்குத்தான் வசதி. சாட்சி போயிடும்," என்றாள். பிறகு வாட்ச்மேனிடம் திரும்பினாள். "உன்னை நான் மன்னிக்கல. சாகறவரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா இப்ப சொன்னியே, அதை அத்தனை பேர் முன்னாடியும் சொல்லணும். சொல்லுவியா?"

தலையை ஆட்டினான். நான் மண்வெட்டியை இறக்கினேன். கோபம் இறங்கவில்லை, ஆள்தான் மாறியிருந்தது.

மேடையேறி வாட்ச்மேன் பேசியது மெஷின் இரைச்சலில் முதல் வரிசையைத் தாண்டவில்லை. கல் அறுக்கிறவர்கள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு மெஷின் நின்றது. அடுத்து அதன் பக்கத்து மெஷின். பிறகு எல்லாம். அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். இப்போது கடைசி ஆள்வரை கேட்டது.

"எவன்டா மெஷினை நிறுத்தினது?" முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. "போலீஸைக் கூப்பிடறேன். நாளைக்கு ஒருத்தனுக்கும் வேலை கிடையாது."

"கூப்பிடுங்க," என்றார் டெய்லர். "நாங்களும் அவங்களைத்தான் எதிர்பார்க்கிறோம். மூணு போன் யாருக்குப் போச்சுன்னு அவங்களே பாக்கட்டும். உங்க மேல கேஸ் போடணும். குளத்துப் புதுப் பூட்டுச் சாவி எங்க கைக்கு வரணும். அதுவரைக்கும் ஒரு கல்லு இந்த வாசலைத் தாண்டாது."

"உங்களுக்குப் பதக்கம் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"யாரு வாங்கினா?" என்றார் எங்கள் லாரி டிரைவர். பெட்டி பிரிக்காமல் மேஜையிலேயே இருந்தது. சிலர் சிரித்தார்கள். சந்தோஷத்தில் வந்த சிரிப்பல்ல.

அண்ணி தன் நாற்காலியை வாசலின் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல் ஏற்றிய லாரி அவள் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி அவளருகே தரையில் உட்கார்ந்தார். வெள்ளைத் தூசி படிந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்து அவர்களைச் சூழ்ந்தன. வாட்ச்மேன் கடைசியில், யாரும் கூப்பிடாமல், ஓரமாக உட்கார்ந்தான்.

அப்போதுதான் கிழக்குச் சரிவில் புகை தெரிந்தது.

டெய்லர் எழுந்தார். நாங்கள் எழுந்தோம். இதுவரை ஒருநாளும் தீயணைக்க வராத கல் அறுக்கிறவர்கள் ஒன்பது பேர் எழுந்து, "எங்களுக்கும் என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார்கள். நான் மட்டும் நகரவில்லை. மேடையில் நின்றவரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அண்ணி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"ஓடு. தீயை நீ பாத்துக்க. இவனை நான் பாத்துக்கறேன்."