ஒன்றரை அங்குலம் குறைந்த துப்பாக்கி

அப்பாவின் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு என்ன விலை வரும் என்பதைக் கிரிதரன் கிள்ளானுக்குக் காரை எடுக்கும் முன்பே முடிவு செய்துவிட்டான். லண்டன் ஏலம் ஒன்றில் அதே காலத்துத் துப்பாக்கி போன விலையை இணையத்தில் பார்த்து, மலேசிய ரிங்கிட்டுக்கு மாற்றி, அதில் செமினியில் உள்ள தன் வீட்டுக்குப் புதுச் சமையலறையும் கட்டி முடித்திருந்தான், மனத்துக்குள்தான். ஐம்பத்திரண்டு வயதுக் கணக்காளன் அவன். அடுத்தவர் கணக்கு என்றால் ஒவ்வொரு வரிக்கும் ரசீது கேட்பான். தன் ஆசைக்கு மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை.

தங்கை வசுந்தரா பின்சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் பல் மருத்துவர். கடைசிவரை அப்பாவையும் அம்மாவையும் உடன் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

அப்பா யோகநாதன் காலமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. எண்பத்திரண்டு வயது. நீர்ப்பாசன இலாகாவில் முப்பத்தாறு வருடம் எஞ்சினியர். துப்பாக்கி உரிமம் அவர் பெயரில் இருந்தது, அவரோடு அதுவும் முடிந்தது. போலீசில் தகவல் சொல்லி, துப்பாக்கிகள் இரண்டையும் கிள்ளானில் ஓர் உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்திருந்தார்கள். சொத்துப் பத்திரங்களோடு சேர்க்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று தேவைப்பட்டது. அதை வாங்கத்தான் இந்தப் பயணம்.

அம்மா இராசேஸ்வரி வரவேண்டிய அவசியமே இல்லை. எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. ஆனாலும் கஞ்சி போட்ட வெளிர்நீலச் சேலையில், எல்லோருக்கும் முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க எதுக்கும்மா? ஒரு மணி நேர வேலைதானே,” என்றாள் வசுந்தரா.

“அப்பாவைப் பத்தி எழுதப்போற கடைசிக் காகிதம் இது. என்ன எழுதுறாங்கன்னு நான் பாக்கணும்.”

அந்த வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. அப்பாவின் வருடாந்தர ரிப்போர்ட்டுகளை, மேலதிகாரிகள் எழுதியவற்றை, அம்மா இன்றும் இரும்பு அலமாரியில் வருடவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். முப்பத்தாறு வருடத்தில் ஒரு குறை எழுதப்பட்டதில்லை. அம்மாவுக்கு அது பதக்கம் மாதிரி. அப்பா அந்த அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வசுந்தரா கேட்டதில்லை. ‘இஞ்சாரும்’ என்பார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கிக்கு எண்ணெய் போடும்போது அவர் முகத்தில் வரும் கனிவு வேறு எதற்கும் வந்ததில்லை. இருவரும் ஒரே ஆபீசில் வேலை பார்த்த இரண்டு நல்ல ஊழியர்கள் போல வாழ்ந்தார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

கடைக்காரர் தம்புசாமிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பருத்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, சிரிப்பதற்கு யாரிடமாவது அனுமதி வாங்கவேண்டும் போல ஒரு முகம். துப்பாக்கிகளைப் பச்சைத் துணி விரித்த மேசையில் வைத்து, முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து காட்டினார். பிறகு மூவரையும் உட்காரச் சொன்னார்.

முதல் துப்பாக்கியின் குழாயில் சிறு விளக்கை விட்டுப் பார்த்தார்.

“பாஸ், இது பழசு. உங்க அப்பா வாங்குறதுக்கு முன்னாலயே உள்ள அரிச்சுப்போச்சு. இதுக்கு விலைன்னு ஒண்ணும் இல்ல லா.”

“பரவால்ல, அடுத்ததைப் பாருங்க,” என்றான் கிரி. அவன் வந்ததே அடுத்ததற்குத்தான்.

இரண்டாவது மெல்லியது. மரத்தில் தேன் நிறத்தில் கோடுகள் ஓடின. தம்புசாமி குழாயின் ஒரு முனையில் கண்ணை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூன்று இடங்களில் பொறித்திருந்த எண்களை ஒப்பிட்டார். மூன்றும் ஒரே எண்.

“அப்பா நல்லா வச்சிருந்திருக்காரு. உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு. எல்லாம் ஒரிஜினல்.”

கிரிக்கு வாயெல்லாம் பல். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு வருடாந்தர ரிப்போர்ட்டும் குறையில்லாமல் வந்துவிட்டது என்ற நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது. வசுந்தராவுக்கு அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் தம்புசாமி துப்பாக்கியைத் திருப்பி, தோளில் பதியும் மரக்கட்டையின் முனையைத் தடவினார். கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. டேப்பை எடுத்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“அடடா,” என்றார். “இங்க அறுத்திருக்காங்க. ஒன்றரை அங்குலம்.”

“அறுத்தா என்ன?” என்றான் கிரி.

“என்னவா? கட்டை போச்சுன்னா பழைய துப்பாக்கி சேர்க்கிற கலெக்டர்ஸ் தொடமாட்டாங்க, பாஸ். நீங்க நினைச்ச விலையில கால்வாசி வந்தாலே பெருசு.”

கிரியின் முகத்தில் ஈயாடவில்லை. செமினி சமையலறை அந்த இடத்திலேயே இடிந்து விழுந்தது. “அப்பாவுக்கு இதை வித்துட்டுப் போன வெள்ளைக்காரன் வேலையா இருக்கும்,” என்றான்.

“இல்ல. இந்த வார்னிஷைப் பாருங்க. கவர்மெண்ட் ஆபீஸ் மேசைக்கு அடிப்பாங்களே, அது. அடியில ஒட்டியிருக்கிற ரப்பர் பம்பு செட்டுல போடுறது.”

நீர்ப்பாசன இலாகா எஞ்சினியரின் பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

“ஆறடி மனுஷன்,” என்றான் கிரி. “இதை வெட்டிட்டா அவராலேயே பிடிக்க முடியாதே. அப்பா போய் இப்படி ஒரு மடத்தனம் பண்ணுவாரா?”

தம்புசாமி கணினியில் தட்டச்சு செய்யத் தொடங்கினார். அம்மா எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். அந்தக் காலத்துக் கான்வெண்ட் படிப்பு, ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. திரையில் இருந்த வரியின் சாரம் இதுதான்: உரிமையாளர் தம் அறியாமையால் கட்டையை அறுத்துத் துப்பாக்கியைச் சிதைத்துவிட்டார்.

“இந்த வரி வேண்டாம்,” என்றார் அம்மா.

“அக்கா, உள்ளதை எழுதித்தானே ஆகணும்.”

“அறியாமைன்னு எழுதாதீங்க.”

“அப்ப வேற என்ன காரணம்னு சொல்லுங்க, எழுதுறேன்.”

 அம்மா வாசலைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த போலீஸ் அனுமதிச் சான்றிதழைப் பார்த்தார். கைப்பையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அதற்குள் அப்பாவின் பென்ஷன் புத்தகம் இருப்பது வசுந்தராவுக்குத் தெரியும், எங்கே போனாலும் கொண்டுபோவார். ஆனால் அதை இப்படி இறுக்கிப் பிடித்து அவள் பார்த்ததில்லை.

“என்னம்மா? தலை சுத்துதா?”

“அம்மாவைக் காருக்குக் கூட்டிட்டுப் போ, வசு,” என்றான் கிரி. “அப்பா கெடுத்தது கெடுத்ததுதான். எழுதிட்டுப் போறாரு.”

“அவர் கெடுக்கேல்ல!”

கடை அதிர்ந்தது. அம்மா பிறந்தது வளர்ந்தது எல்லாம் கோலாலம்பூர். பெற்றோர் கொண்டுவந்த யாழ்ப்பாணத் தமிழ் அடியில் எங்கோ கிடக்கும், கோபமோ பயமோ வந்தால்தான் மேலே வரும். இப்போது இரண்டும் வந்திருந்தன.

“எனக்காக வெட்டினவர். நான் சுடுறதுக்காக.”

கிரி நாற்காலியைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான். 

அம்மா தம்புசாமியைப் பார்த்து, நீதிபதி முன் நிற்பவர் போலச் சொன்னார். சபாக் பெர்ணம் பக்கம், கால்வாய் ஓரம், இலாகா குவார்ட்டர்ஸ். பக்கத்தில் ஒரு வீடு கிடையாது. அப்பா வேலைக்குப் போனால் திரும்ப மூன்று நாள் ஆகும். காட்டுப்பன்றிகள் கொல்லைவரை வரும். கையில் ஒன்றரை வயதுப் பிள்ளை. அதனால் அப்பா அம்மாவுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். உரிமம் அப்பா பேரில் மட்டும்தான், அவர் மனைவி தொடக்கூடாது. தெரிந்தேதான் கொடுத்தார், எல்லா விதியையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய அந்த மனிதர்.

“ஒருநாள் பட்டப்பகல்ல ஒரு பெரிய பண்டி கொல்லைக்குள்ள வந்துட்டுது. இவன் பாயில இருந்தவன்,” என்று கிரியைக் காட்டினார். “நான் சுட்டனான்.”

“பன்னி செத்துச்சா?” என்று கேட்டான் கிரி. ஒரே நிமிடத்தில் அவன் குரல் பத்து வயதுக்கு இறங்கியிருந்தது.

“படேல்ல. தண்ணித் தாங்கியில பட்டுட்டுது. அந்தச் சத்தத்தில பண்டி ஓடிட்டுது.” அம்மா குரலைத் தாழ்த்தினார். “கவர்மெண்ட் தாங்கி.”

வசுந்தராவுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை.

“அவர் வந்து ஓட்டையை அடைச்சுப்போட்டு, துருப்பிடிச்சு ஓட்டை விழுந்ததெண்டு ரிப்போர்ட் எழுதினவர். அரசாங்கத்துக்கு அவர் எழுதின ஒரேயொரு பொய். எனக்காக எழுதினது. வெளியில தெரிஞ்சால் வேலை போயிடும், பிறகு பென்ஷன் போயிடும் எண்டு ரெண்டு பேரும் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்ல. இப்ப நீங்கள் போலீசுக்குச் சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ. பென்ஷனை நிப்பாட்டினாலும் பரவாயில்ல. அவரை அறியாதவர் எண்டு மட்டும் எழுதாதேங்கோ.”

ஐம்பது வருடம். ஓர் ஓட்டைக்காக இந்தப் பெண்மணி ஐம்பது வருடம் போலீஸ் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனத்துக்குள் செத்துப் பிழைத்திருக்கிறார். வசுந்தரா எழுந்து போய் அம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டாள். அந்தத் தோள் எவ்வளவு சின்னது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அப்பா அந்தப் பழசை வெட்டியிருக்கலாமே,” என்றான் கிரி. இதில் விலை பற்றிய கவலை இல்லை. அவனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“நானும் அதைத்தான் கேட்டனான். ‘பழசு உதைக்கும், உம்மட தோள் தாங்காது’ எண்டவர். நல்லதைத்தான் வெட்டினவர்.”

அதன் பிறகு அந்தத் துப்பாக்கி அப்பாவின் தோளுக்குப் பொருந்தவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய் போட்டார். ஒவ்வொரு வருடமும் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க வரிசையில் நின்றார். இவர்களை ஆபீஸ் ஊழியர்கள் என்று நினைத்தோமே என்று வசுந்தராவுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

தம்புசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அக்கா, ஐம்பது வருஷத்துத் தொட்டிக்கு எந்தப் போலீசும் வரமாட்டான். தொட்டியும் இருக்காது. ஆனா ஒரு விஷயம். ஒருத்தர் சொன்னதை வச்சு நான் எழுத முடியாது. கண்ணால பாத்ததைத்தான் எழுதுவேன்.”

“என்ன பாக்கோணும்?”

“கை அளவு.”

அம்மா தயங்கவில்லை. பையை முதல்முறையாகக் கீழே வைத்தார். வலது முழங்கையை மடக்கி நீட்டினார். தம்புசாமி துப்பாக்கியை மறுபடி திறந்து, காலி என்று பார்த்துவிட்டு, தானே தாங்கிப் பிடித்து, கட்டையின் முனையை அம்மாவின் முழங்கை மடிப்பில் பொருத்தினார். சுருக்கம் விழுந்த ஆள்காட்டி விரல் மரத்தின் மேல் நீண்டு, விசையில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை.



“இப்பிடித்தான் அவரும் அளந்தவர்,” என்றார் அம்மா, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே. “மூண்டு தரம். முதல் தரமே சரியாத்தான் இருந்தது. எண்டாலும் மூண்டு தரம். பகல் வெளிச்சத்தில அவர் என்ர கையைப் பிடிச்சது அண்டைக்கு மட்டும்தான்.”

கிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். “எழுதுங்க, பாஸ்.”

“எழுதினா விலை ஏறாது லா. அதே கால்வாசிதான்.”

“விலையை யார் கேட்டா? எழுதுங்க.”

தம்புசாமி பழைய வரியை அழித்தார். அளவு குறித்த புது வரி ஒன்று திரையில் வந்தது. கட்டை, உரிமையாளரின் மனைவியின் கை அளவுக்கு ஒன்றரை அங்குலம் குறைக்கப்பட்டுள்ளது, வேலை நேர்த்தியானது. அம்மா குனிந்து மெதுவாக வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு ‘மனைவி’ என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“இதில பேரைப் போடுங்கோ,” என்றார்.

“உங்க பேரா, அக்கா?”

“ஓம். இராசேஸ்வரி. முழுசா எழுதுங்கோ.”