தட்டில் வெட்டிய பேர்

டணாரென்று அலுமினியத் தட்டு மகாராணியின் கை தவறி விழுந்தது. பர்மா சண்டையிலிருந்து தாத்தா பெரியகருப்பன் கொண்டுவந்த பட்டாளத் தட்டு அது. அதை விற்றுக் குரங்கணி வீட்டின் கூரையை மாற்றிவிடலாம் என்று போடிக்கு எடுத்து வந்திருந்தாள்.

பழம்பொருள் வியாபாரி சிவக்குமார் தட்டை எடுத்து அழுக்கைத் தேய்த்தார். விளிம்பில் ஆணியால் கீறிய எழுத்துகள் தெரிந்தன.

"பட்டாள நம்பரோட பேரும் இருக்கு தாயி, நல்ல விலை போகும். ஆனா அந்தோணின்னுல்ல போட்டிருக்கு? ஒங்க தாத்தா களவாண்டுட்டு வந்துட்டாரோ?" என்று சிரித்தார்.

மகாராணி சிரிக்கவில்லை. தட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"விக்கலண்ணே. தாத்தா இதுல ஒருநாளும் சாப்பிட்டதில்ல. அமாவாசைக்கு அமாவாசை காக்காய்க்குச் சோறு மட்டும் இதுலதான் வைப்பாரு."