அறுநூறாவது சீட்டு

ஓர் ஆத்துமாவின் விலை பதினெட்டு ரூபாய். இரண்டு இட்லி, ஒரு வடை, டீ உட்பட.

இந்த விலையை வைத்தவர், கல்கத்தாவில் கரியாஹாட் சந்தைக்குப் பின்சந்தில் 'ஸ்ரீ மீனாக்ஷி டிபன்' நடத்திவந்த மதுரைக்காரர் மகேஸ்வரன். அதே இட்லி, வடை, டீயை ஊராருக்குப் பதினோரு ரூபாய்க்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் 1999 ஜனவரியில், அமெரிக்காவிலிருந்து பன்னிரண்டு பேர் ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டுக்கொண்டு, பத்தே நாளில் கல்கத்தாவை இரட்சித்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டோடு வந்திறங்கினார்கள். "ஒரு தட்டு என்ன விலை?" என்று அவர்கள் தலைவர் பிராட் கேட்டபோது, ஆள் முகத்தைப் பார்த்து விலை சொல்லும் வியாபாரிக் குடும்பத்தில் பிறந்த நாக்கு தானாகவே பதினெட்டு என்றது. பிராட் மறுபேச்சு பேசாமல் தலையாட்டினார். அன்று முழுக்க மகேஸ்வரனுக்கு மனசே சரியில்லை. பேரம் பேசத் தெரியாதவனிடம் இருபத்தைந்து சொல்லியிருக்கலாம்.

ஏற்பாடு இதுதான். காலையில் கடை வாசலில் கிதார் வாசித்துப் பாடுவார்கள். பத்து நிமிடப் பிரசங்கம். காலேஜில் படிக்கிற பெங்காலிப் பையன் ஒருவன் அதை ஐந்து நிமிடத்தில் மொழிபெயர்ப்பான். இயேசுவை ஏற்றுக்கொண்டோம் என்று கை தூக்குகிறவர்களுக்கு ஒரு ரோஸ் நிறச் சீட்டு. அதில் பெயர், விலாசம், கையெழுத்து. அந்தச் சீட்டைக் கல்லாவில் கொடுத்தால் டிபன். மகேஸ்வரன் சீட்டை வாங்கி பில் குத்தும் கம்பியில் குத்திவிடுவார். கடைசி நாளில் எண்ணிப் பார்த்துக் காசு. மகேஸ்வரனுக்கு ஒரு சீட்டு ஒரு தட்டு. பிராடுக்கு ஒரு சீட்டு ஓர் ஆத்துமா.

"அறுநூறு வேணும்," என்றார் பிராட். "எங்க சர்ச் ஹால்ல பெரிய போர்டு வெச்சிருக்கோம். தெர்மாமீட்டர் படம். உச்சியில அறுநூறு."

"காய்ச்சல் யாருக்கு சார்?" என்று கேட்டார் மகேஸ்வரன். பிராட் புரியாமல் சிரித்தார்.

வியாபாரம் ஜோராக நடந்தது. சந்து முனை ரிக்‌ஷாக்காரர் ஒருவர் ஏழு நாளில் ஏழு பெயரில் ஏழு முறை இரட்சிக்கப்பட்டார். எட்டாம் நாள் வயிறு சரியில்லை என்று லீவு. மீன்காரம்மா ஒருத்தி தனக்கொன்று, ஊரிலிருந்து வராத புருஷனுக்கொன்று என்று இரண்டு சீட்டு எழுதி, இரண்டு தட்டையும் தானே சாப்பிட்டாள். சீட்டில் இருக்கும் முகவரிக்கு யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை என்பது முதல் நாளே ஊருக்கு விளங்கிவிட்டது. நீலச் சட்டைக்காரர்களுக்கு மட்டும் பத்து நாளும் விளங்கவில்லை. அல்லது விளங்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கம்பியில் முதல் நாளே குத்தப்பட்ட ஒரு சீட்டு மட்டும் தமிழில் இருந்தது. கல்யாணியுடையது.

கல்யாணி கடையில் மாவரைக்கிறவள். சேலத்துக்காரி. லேக் கார்டன்ஸ் ரயில் பாதை ஓரத்தில் ஒற்றை அறை. புருஷன் வேறொருத்தியோடு போனபின் மூன்று வருஷமாக அவள் வாசலைச் சொந்தபந்தம் யாரும் மிதித்ததில்லை.

"நீ எதுக்கு சீட்டு எழுதுற? உனக்குத்தான் டிபன் சும்மாவாச்சே," என்றார் மகேஸ்வரன்.

"டிபனுக்கு இல்லண்ணே. அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

அந்தப் பொண்ணு, எமிலி, இருபது வயது, கல்யாணியின் மாவுக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மகேஸ்வரன் தன் கடை இங்கிலீஷில் கேட்டு, தமிழில் சொன்னார்: "ஏசு உன் வீட்டுக்குள்ள வருவாராம். இந்தப் பொண்ணும் வருமாம். அடுத்த ஞாயித்துக்கெழம, சாயங்காலம் நாலு மணிக்கு. உக்காந்து ஜெபம் பண்ணுமாம்."

"நெசமாவாண்ணே? எங்க வீட்டுக்கா?"

"அப்படித்தான் சொல்லுது. சாம்பிள் காட்டுறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க."

கல்யாணி அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை. சீட்டில் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையை எண்ணத் தொடங்கினாள். மாஷிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாளிடம் நாற்காலி கேட்டு வைத்தாள். எட்டு சந்தேஷ் இனிப்பு வாங்கினாள். வெள்ளைக்காரர்களுக்கு இனிப்பு ஆகுமா என்று மகேஸ்வரனிடம் மூன்று முறை விசாரித்தாள்.

ஞாயிறு நாலு மணிக்கு மகேஸ்வரன் எமிலியைப் பார்த்தார். கரியாஹாட் நடைபாதையில், ஒரு புடவைக் கடை முன்னால்.

"கல்யாணி வீட்டுக்குப் போகலையா?"

"ஓ! இன்னைக்கா அது?" எமிலி வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க டீமுக்கு ஷாப்பிங் இன்னைக்கு மட்டும்தான். பரவாயில்ல, நான் இங்கேயிருந்தே அவங்களுக்காக ஜெபிக்கிறேன்." கண்ணை மூடினாள். ஒரு மினி பஸ் கடந்துபோகிற நேரம். பிறகு கண்ணைத் திறந்து, கையிலிருந்த புடவையைக் காட்டி, "இதுக்கு நானூறு சொல்றாரு. நியாயமான விலையா?" என்றாள்.

மகேஸ்வரன் பேசி நூற்றெண்பதுக்கு முடித்துக்கொடுத்தார். குலப்பழக்கம் விடவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. சரக்கு வராவிட்டால் வாங்கினவன் முதலில் தரகன் சட்டையைத்தான் பிடிப்பான். அந்த வாக்கு இவர் வாய் வழியாக அல்லவா கல்யாணிக்குப் போயிருக்கிறது?

மறுநாள் விடியற்காலை கல்யாணி வழக்கம்போல வந்தாள். இனிப்பு டப்பாவைக் கல்லா மேல் வைத்தாள்.

"கெட்டுப் போயிரும். வர்றவங்களுக்குக் குடுத்துருங்கண்ணே."

"நான் அப்பவே சொன்னேன்ல? சாம்பிள் காட்டுறவங்க இப்படித்தான் சொல்லுவாங்கன்னு. பொட்டியத் தூக்கிட்டு ஊரூரா விக்கிறவன் திரும்பி வரமாட்டான்."

"ஆறு மணி வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன்," என்றாள். டப்பா மூடியை அழுத்திவிட்டு, "அந்தச் சீட்ட என்கிட்ட குடுத்துருங்கண்ணே."

"கோவத்துல கிழிக்கப் போறியா?"

"கிழிக்கவா? அந்தப் பொண்ணு வரலன்னா நான் சொன்னது பொய்யாயிருமா? ஏத்துக்கிட்டேன்னு நான் சாமிகிட்ட சொன்னேன். அவங்க போர்டுல ஏத்துறதுக்குச் சொல்லல."

மகேஸ்வரன் கம்பியின் அடியிலிருந்து சீட்டை உருவிக் கொடுத்தார். அவள் அதை இரண்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மாவரைக்கப் போனாள்.

பத்து மணிக்கு பிராட் கணக்கு முடிக்க வந்தார். டாக்ஸி வெளியே நின்றது. சீட்டுகளை இரண்டு முறை எண்ணினார்.

"ஐந்நூற்றுத் தொண்ணூற்றொம்பது. ஒண்ணு குறையுதே?"

"அத உடையவங்களே திருப்பி வாங்கிட்டாங்க."

பிராட் பர்ஸைத் திறந்தார். "நூறு ரூபா தரேன். வாங்கிக் குடுங்க."

மகேஸ்வரன் கல்லா மேசையைத் துடைத்தார்.

"ஐந்நூறு."

தன் வாழ்நாளில் வாங்க ஆளிருந்தும் மகேஸ்வரன் விற்காத சரக்கு அது ஒன்றுதான். "அது ஸ்டாக் இல்ல சார்," என்றார்.

பிராட் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது தட்டுக்குக் காசை எண்ணி வைத்தார். பிறகு பையிலிருந்து எழுதாத ரோஸ் சீட்டு ஒன்றை எடுத்தார். அண்ணாந்து கடைப் போர்டைப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதினார். பெயர்: ஸ்ரீ மீனாக்ஷி. விலாசம்: கரியாஹாட். கையெழுத்தையும் தானே போட்டு முடித்தார்.

"சார், அவங்க யாருன்னு தெரியுமா?" மகேஸ்வரனுக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

"கடை ஓனரம்மாதானே? பத்து நாளா பாக்கவே முடியல. ரொம்ப பிஸி போல."

"ஆமா சார். மதுரையில இருக்காங்க. அங்க கூட்டம் ஜாஸ்தி."

"எங்க அன்பைச் சொல்லுங்க," என்று டாக்ஸியில் ஏறினார் பிராட். பின்சீட்டில் எமிலி புதுப் புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கையாட்டினாள். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணி திரும்பிப் பார்க்கவில்லை.

மகேஸ்வரன் சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கு நோட்டைத் திறந்தார்.

வரவு: தட்டு 599, பதினெட்டு வீதம், ரூ. 10,782.

வரவேண்டியது: மதுரை மீனாக்ஷி அம்மன் பேரில் தட்டு ஒன்று, ரூ. 18.

மூன்றாவது வரிக்குப் பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணிக்கு வரவேண்டியது: ஞாயிறு ஒன்று, மாலை நாலு முதல் ஆறு வரை. ரூபாய்க் கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. வெறுமனே விட்டு, பக்கத்தில் 'பாக்கி' என்று எழுதினார்.