மறுக்கப்பட்ட உள்ளாடை

ஸ்ஃபாக்ஸ் நகரில் என் நாத்தனார் சிஹாமும் நானும் இணையத்தில் ஒரு கடை நடத்துகிறோம். தையல் அவர் பொறுப்பு, கணினி என் பாடு. புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்த பிறகு, கடையில் கிடைத்த உள்ளாடை அவருக்கு வெயிலில் ஒத்துக்கொள்ளவில்லை. தனக்கென்று தானே ஒன்று தைத்துக்கொண்டார். ஒரு பக்கம் உள்பை, அதற்குள் மெத்தென்று ஒரு பருத்தித் திண்டு. ஆஸ்பத்திரியில் பழகிய பெண்கள் தங்களுக்கும் கேட்டார்கள். கடை அப்படித்தான் பிறந்தது. கூடவே தலைத்துணிகளும், அதே உள்பை வைத்த நீச்சலுடை ஒன்றும் விற்றோம்.

எங்கள் பொருள்கள் நாலு பேர் கண்ணில் பட, படமும் விவரமும் ஓர் இணையச் சந்தைக்கு அனுப்பினோம். அவர்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் சேர்ப்பார்கள். தலைத்துணிகளுக்கு உடனே பச்சை விழுந்தது. உள்ளாடைகளுக்கும் நீச்சலுடைக்கும் சிவப்பு.

"என்னடி போட்டிருக்கு?" என்றார் சிஹாம்.

"ஆபாசமாம், மதினி."

"என் மார்பை வெட்டி எடுத்தப்போ எந்தக் கழுதைக்கும் அது ஆபாசமாத் தெரியலையே!"

அன்று சாப்பாட்டில் என் கணவர் நிஸார் அக்காவுக்குப் புத்தி சொன்னார். "அதைத் தூக்கிடுக்கா. திரும்பத் திரும்ப அனுப்புனா கடையையே மூடிடுவாங்களாம். தலைத்துணிதான் நல்லா ஓடுதே."

"தலைத்துணி ஊரெல்லாம் கெடக்கு. நீ பேசாம மீனைத் தின்னு."

காலையில் காப்பிக்கு முன்பே சந்தையின் நிலவரப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. முறையிட்டேன், அச்சடித்தாற்போல் அதே பதில். மருத்துவப் பொருள்கள் பிரிவுக்கு மாற்றினேன்.

"மார்புங்கிற வார்த்தையை எடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டு? முழங்காலுக்குன்னு எழுதுவியா?"

வார்த்தை அப்படியே இருந்தது. ஒரு நாள் ஓர் உள்ளாடைக்கு மட்டும் பச்சை விழுந்தது. சிஹாம் குலவையிட்டார். மறுநாள் காலை அதுவும் சிவப்பு. தோண்டிப் பார்த்தேன். எங்கள் கடையின் மென்பொருள் தினமும் சந்தைக்குப் பழைய பிரிவையே திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. சந்தைப் பக்கத்தில் நான் திருத்தியதெல்லாம் அழிந்துபோயிருந்தது. கடை மென்பொருளிலேயே திருத்தினேன். அந்த ஒன்று மறுபடி பச்சையாகி நிலைத்தது. மற்றவை அசையவில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பச்சையானதை மேசைமேல் மடித்து வைத்துப் படமெடுத்திருந்தேன். மற்றவற்றை மாட்டியிருந்தது தோல் நிறப் பொம்மைக்கு.

"பொம்மையைப் பார்த்துட்டு யாரோ அம்மணமா நிக்கிறதா அதைச் சரிபார்க்கிற எந்திரம் நினைக்குது, மதினி. எல்லாத்தையும் மடிச்சு வெச்சே எடுத்துடலாம்."

"மடிச்சு வெச்சா எது எங்க இருக்கும்னு வாங்குறவளுக்கு எப்படிப் புரியும்? பொம்மைக்குப் பதிலா நான் நிக்கிறேன்."

அறுவைச் சிகிச்சை நடந்ததே தெருவில் யாருக்கும் தெரியாது. கோடையிலும் பெரிய சால்வையைப் போர்த்திக்கொண்டு திரிந்தவர் அவர். இப்போது சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கழுத்து மூடிய நீலச் சட்டை, அதன்மேல் உள்ளாடை, கையில் பருத்தித் திண்டு.

"முகம் தெரியாம எடுக்கட்டுமா?"

"முகத்தோடயே எடு. சீக்கிரம்டி, கையைத் தூக்குனா வலிக்குது."

ஒவ்வொன்றாக மாட்டி நின்றார். படங்களை ஏற்றி, இந்தப் பெண்ணே தைத்தது, இவருக்காகவே தைத்தது, ஒரு மனிதர் பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதி அனுப்பினேன். பரிசீலனையில் என்றே பல நாள் காட்டியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை. நீச்சலுடை மட்டும் இன்னும் சிவப்பு.

அந்த வாரம் எதிர்வீட்டு மப்ரூக்கா தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்தார். கதவைத் தானே சாத்தினார்.

"உன் படத்தைப் பார்த்தேன், சிஹாம். எனக்கும் ஒண்ணு தைச்சுத் தா. போன வருஷம்... யார்கிட்டயும் நான் சொல்லல."

சிஹாம் அளவு நாடாவை எடுத்தார். "நேரா நில்லு. கூனாதே."

நான் அடுத்த அறைக்குப் போய், நீச்சலுடைக்காக இன்னொரு முறையீடு எழுத உட்கார்ந்தேன்.