பசை தடவிய பதின்மூன்றாவது

தச்சரின் மனைவியை அந்தப் பட்டறையில் எல்லோரும் ‘மில்லி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வரைபடம் போடும் இன்ஜினியர் என்ற மரியாதையெல்லாம் வெளியே. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பலகையைத் திருப்பி அனுப்புகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? வைத்தவர் அவள் புருஷன்தான். பலகை அதிகமாகத் திரும்பி வந்ததும் அவரிடம்தான்.

அன்று சோதனை நாள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்காகப் பன்னிரண்டு மர ட்ரஸ்கள், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்கள், செய்து அடுக்கியாகிவிட்டது. சோதனைக்கென்று பதின்மூன்றாவதாக ஒன்றைச் செய்து, இரும்புத் தூண்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். அதன்மேல் மணல் மூட்டைகளை ஏற்றி, எவ்வளவு தொய்கிறது என்று அளக்க வேண்டும். கட்டட விதிப்படி எல்லாம் சரி என்று ஆய்வாளர் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவை கூரைக்கு ஏறும்.

போன வருடம் இதே மாதிரிச் சோதனையில் ஒரு மூட்டு படீரென்று பிளந்தது. ஆணி பலகையின் ஓரத்தில் இறங்கியிருந்தது. அடித்தவர் தச்சர். மில்லியோ ஆய்வாளரின் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் நின்று, “என் வரைபடத்துல ஆணி இடைவெளி போதல” என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். இன்னொரு முறை தோற்றால் அவள் கையெழுத்திட்ட வரைபடத்தை வாங்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாடாய் உழைத்துப் படித்துச் சம்பாதித்த கையெழுத்து அது.

அதனால் மனுஷர் ஒரு காரியம் செய்திருந்தார். சோதனை ட்ரஸ்ஸின் மூட்டுகளில் ப்ளைவுட் துண்டை வைத்து ஆணி அடிக்கும் முன், யாரும் பார்க்காதபோது உள்பக்கம் பசையைத் தடவிவிட்டார். வரைபடத்தில் பசை கிடையாது. அடுக்கியிருக்கும் பன்னிரண்டிலும் கிடையாது. மற்றதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தானே அடித்திருக்கிறோம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

கடைசி மூட்டை ஏறியும் ட்ரஸ் முனகக்கூட இல்லை. ஆய்வாளர் நடுவில் பொருத்தியிருந்த அளவுமானியைக் குனிந்து பார்த்தார்.

“ஒன்பது மில்லி. விதிப்படி இருபத்தஞ்சு வரைக்கும் போகலாம். பிரமாதம்மா!”

தச்சருக்கு மூச்சு வந்தது. பெருமையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் சுருங்கிக் கிடந்தது.

“பதினாலு வரணும் சார்.”

“கம்மியா தொய்ஞ்சா நல்லதுதானேம்மா?”

“ஏன்னே தெரியாத நல்லதை எப்படி சார் கொழந்தைங்க தலைக்கு மேல வைக்கிறது? என் கணக்குல எங்கயோ தப்பு. கண்டுபிடிக்கிற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க. தப்பு என்னோடதுன்னே எழுதிக்குங்க.”

சொல்லிவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, காகிதத்தை விரித்து, முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். குழம்பினால் பேனா மூடியைக் கடிப்பாள். கடித்துக்கொண்டிருந்தாள். தச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். இல்லாத தப்பைத் தேடுகிறாளே, மகராசி! கிடைக்காவிட்டால் தன் அறிவையே அல்லவா சந்தேகப்படுவாள். போன வருடமும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர்தானே இவர்.

“சார்,” என்றார். “கணக்கு சரிதான். அதுல நான் பசை போட்டிருக்கேன். மத்ததுல இல்ல. போன வருஷம் பிளந்ததும் நான் ஓரத்துல அடிச்ச ஆணியாலதான். அவ மேல ஒண்ணும் எழுதாதீங்க.”

மில்லி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். ஆய்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அன்றைய சோதனையைத் தாளில் குறுக்கே அடித்துவிட்டு, அடுக்கியிருந்தவற்றிடம் போய் ஏழாவதில் சாக்கட்டியால் கோடு போட்டார்.

“இதை ஏத்துங்க.”

“தோத்துட்டா சார்? அவ கையெழுத்து...”

“தோத்தா தோத்ததுதான்.”

இறக்கி, மாற்றி, மறுபடி ஏற்ற மாலையாகிவிட்டது. ஏழாவதை அடித்த அன்று தன் கை எப்படி இருந்தது என்று தச்சர் யோசித்து யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கடைசி மூட்டைக்கு மரம் லேசாக முனகியது. முள் பன்னிரண்டைத் தாண்டி, பதின்மூன்றையும் தாண்டி, பதினாலில் நின்றது.

ஒரு நாள் முழுக்கப் பாரத்தை விட்டுவைத்து, மறுநாள் மாலை இறக்கினார்கள். ஒரு மூட்டுகூடப் பிளக்கவில்லை. ட்ரஸ் சமர்த்தாக ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆய்வாளர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, “பசை டப்பாவைப் பூட்டி வைங்கம்மா” என்று சொல்லிப் போனார்.

தச்சர் மெல்ல மனைவி பக்கம் நகர்ந்தார்.

“கோவமா?”

“ரொம்ப.”

“உன் கணக்கை நம்பாம இல்ல மில்லி. என் கையைத்தான் நம்பல.”

அவள் காகிதத்தை நாலாக மடித்தாள். “ஒரு ஆணி இவ்வளவு பாரம் தாங்கும்னு நான் கணக்கு எழுதும்போது, யார் அடிக்கிற ஆணியை நெனச்சு எழுதறேன்னு நெனச்சீங்க?”

தச்சருக்குக் கண் கலங்கியது. துடைப்பத்தை எடுத்துச் சிந்திய மணலைக் கூட்ட ஆரம்பித்தார். கூட்டிக் கூட்டிக் கோடி மூலைவரை போய்விட்டார்.

“அங்க மணலே இல்லங்க,” என்றாள் மில்லி.