நல்ல சாமான்

சண்முகராசா துவக்கின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பின்பக்கத்தால் உள்ளே பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தம்பி வாமதேவனுக்கு இதுவும் ஒரு நடிப்பென்றே பட்டது.

"உள்ளுக்கு வரியெல்லாம் மினுங்குது. நாப்பத்து மூண்டாம் ஆண்டு செய்த துவக்கு. எண்பது வருசம் தாண்டியும் பார், ஒரு கறள் இல்லை."

லண்டன் ஓரத்துச் சிட்கப்பில் ஒரு வீட்டின் பின்புறம், பழைய இராணுவத் துவக்குகள் விற்கும் கொலின் என்ற வெள்ளைக்காரரின் கடை அது. சண்முகராசா பத்து வருடமாகக் குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினர். பொலிஸ் கொடுத்த லைசென்ஸ் இருந்தது, வீட்டில் இரும்பு அலுமாரி இருந்தது. அந்த அலுமாரிக்குள், பழைய பிரிட்டிஷ் இராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் துவக்கு ஒன்று மட்டும் இல்லாத குறை. முதல்நாள் அவர் போன் எடுத்து, "வாமன், ஒரு துவக்குப் பாக்கப் போறன், நீயும் வாவன்" என்றபோது, தன் கெட்டித்தனத்தைக் காட்ட அண்ணைக்கு ஒரு ஆள் தேவைப்படுகுது என்றுதான் வாமதேவன் நினைத்தான். லீவு நாள் வீணாகப் போகிறதே என்று புறுபுறுத்துக்கொண்டுதான் வந்தான்.

சண்முகராசா கொலினிடம் மருந்தில்லாத தோட்டா ஒன்றை வாங்கி, அதன் முனையைக் குழலின் வாய்க்குள் விட்டார். தோட்டாவின் பித்தளைக் கூடு வாயைத் தொடக் கொஞ்சம் முன்னாலேயே அது நின்றது.

"பாத்தியே? வாய் தேயேல்லை. தேஞ்சிருந்தால் முழுக்க உள்ளுக்குப் போயிருக்கும்."

பிறகு துவக்கின் மரக்கட்டையை நகத்தால் தட்டித் தட்டி, வெடிப்பிருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்டார். கடைசியாக இலக்கங்களுக்கு வந்தார். துவக்கின் உடம்பில் அடித்த இலக்கமும் போல்ட்டில் அடித்த இலக்கமும் ஒன்றாயிருந்தால்தான் அதற்கு மதிப்பு. கொலின் கேட்டது ஆயிரத்து இருநூறு பவுண். போல்ட் வேறு துவக்கினுடையது என்றால் எண்ணூறும் பெறாது.

சண்முகராசா கண்ணாடியைக் கழற்றினார். போல்ட்டைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், பெருவிரலால் துடைத்தார். பிறகு தம்பியிடம் நீட்டினார்.

"நீயும் ஒருக்காப் பார்."

வாமதேவன் வாங்கினான். பார்க்கும் முன்பே விரல் சொல்லிவிட்டது. பதினொரு வருடம் ஜேர்மனியில் ஸ்ருட்காட்டிலும் பிறகு குரோய்டனுக்குப் பக்கத்து வேலைத்தளத்திலும் கடைசல் மெஷினோடு நின்ற விரல். இலக்கத்துக்கு அடியில் இரும்பு ஒரு மயிரளவு பள்ளமாக இருந்தது. யாரோ பழைய இலக்கத்தை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டு, புதிதாய் அடித்து, மேலே கறுப்பு ஏற்றியிருந்தார்கள். துவக்கின் உடம்பில் அடித்திருந்த நாலாம் இலக்கம் தலை மூடியது. போல்ட்டில் இருந்தது தலை திறந்த நாலு.

அவன் நிமிர்ந்தான். அண்ணை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாருக்கும் முன்னால் அண்ணைதான் எல்லாம் தெரிந்தவர். ஜேர்மன் பாஸ்போர்ட்டோடு, தன் காசில் டிக்கட் போட்டு, லண்டனுக்கு வந்து இறங்கியவன் வாமதேவன். "தம்பியை நான்தான் கூப்பிட்டு எடுத்தனான்" என்று கோயிலில் அண்ணை சொல்ல, சனம் அதையே நம்பியது. கோயில் தேரின் சில்லுக்கு அச்சாணி கடைந்து கொடுத்தது வாமதேவன். மூன்று சனிக்கிழமை போனது. தேரன்று பொன்னாடை போர்த்தியது கோயில் தலைவரான சண்முகராசாவுக்கு. அதைக்கூட அவர் ஆசையோடு வைத்திருக்கவில்லை. காரின் பின் சீற்றில் எறிந்துவிட்டு மறந்துபோனார். இரண்டு மாதம் அது அங்கேயே கிடந்தது. காரில் ஏறும் ஒவ்வொரு தடவையும் வாமதேவன் அதைப் பார்த்தான்.

"எப்பிடி?" என்றார் அண்ணை.

"நல்ல சாமான், அண்ணை. வாங்குங்கோ."

சண்முகராசாவின் முகம் மலர்ந்தது. அரை மணித்தியாலம் பேரம் பேசி ஆயிரத்து நூறுக்கு முடித்தார். கொலின் லைசென்ஸில் பதிந்து கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

தோர்ண்டன் ஹீத்தில் இருந்த வீட்டுக்குத் திரும்பும்போது அவர் வாய் ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குக் கொண்டுபோகப் போகிறாராம். அங்கே கிழவர்கள் இருக்கிறார்களாம், துவக்கைக் கையில் எடுத்தாலே அதன் சாதகம் முழுக்கச் சொல்லிவிடுவார்களாம்.

வாமதேவனுக்கு அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்தது. ஒரு கிழவர் போல்ட்டைத் தடவுவார், சிரிப்பார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவார். நடுவில் அண்ணை நிற்பார்.

"நானும் ஞாயிற்றுக்கிழமை வரட்டோ அண்ணை?"

சண்முகராசா சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "உண்மையாவோ? எத்தினை வருசமாக் கேட்டனான், ஒருக்காலும் வரேல்லை நீ." அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வா, வா. காலமை வெள்ளண்ணப் போவம்."

வீட்டில் அண்ணி செல்வமலர் கணவாய்க் கறி வைத்திருந்தாள். துவக்கை மேலே கொண்டுபோய் அலுமாரியில் பூட்டிவிட்டு வந்து, சண்முகராசா நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு, நெஞ்சு எரியுது என்றார். சோபாவில் சாய்ந்தார். அண்ணி வெந்நீர் கொண்டுவந்து குனிந்தவள், "தம்பி!" என்று கத்தினாள்.

அவசர நம்பரில் பேசிய பெண், அவரைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தச் சொன்னாள், உரத்து எண்ணச் சொன்னாள். வாமதேவன் முழந்தாளில் இருந்து அழுத்தினான். ஆங்கிலத்தில் எண்ணத் தொடங்கி, எங்கேயோ தமிழுக்கு மாறியிருந்தான். முப்பது வந்ததும் மறுபடியும் ஒன்று. அண்ணையின் சேர்ட்டில் கறி வாசம். வெட்கக்கேடு, அப்போதும் அவன் மண்டைக்குள் ஒரு மூலையில் ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டிருந்தது. அம்புலன்ஸில் வந்தவர்கள் அவன் தோளில் தட்டி விலகச் சொன்னபோது, கை நிற்க மறுத்தது.

ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்குச் சொன்னார்கள்.

செத்தவீட்டுச் சனம் மறுநாள், வெள்ளிக்கிழமையே வரத் தொடங்கிவிட்டது. லண்டனில் உடலை எடுக்கப் பத்துநாள் ஆகும். அதுவரை வீடு நிறைய ஆட்கள். செவன் கிங்ஸில் இருந்து வந்த சொந்தக்காரன் பாஸ்கரன் வாமதேவனின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

"அண்ணை இல்லாட்டி நீ இந்த நாட்டுக்கு வந்திருப்பியே?"

வாமதேவன் தலையாட்டினான். செத்தும் அண்ணைதான் கூப்பிட்டு எடுத்தவர்.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துவக்கை வீட்டில் வைத்திருக்க ஏலாது, உரிமம் உள்ள ஒருவர் வந்து எடுக்கவேண்டும் என்று பொலிஸ் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளப் செயலாளர் டெரெக் வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும், உயர்ந்த, கூனிய மனிதர். துவக்கு வாங்கி விற்கும் உரிமமும் வைத்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, துளை விழுந்த காலுறையோடு உள்ளே வந்தார்.

"நான் ஷானின் தம்பி" என்று, கிளப்பில் அண்ணையைக் கூப்பிடும் பெயரால், வாமதேவன் ஆங்கிலத்தில் சொன்னான்.

"தம்பியா?" டெரெக் கையைக் குலுக்கினார். "தம்பி இருக்கிறதாக அவன் சொன்னதே இல்லையே."

பத்து வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. வாமதேவனுக்குக் காது சுட்டது.

அண்ணையின் மகள் கோசிகா அலுமாரியைத் திறந்து துவக்கைக் கொண்டுவந்து, மேல் அறையில் கட்டில் மேல் வைத்தாள். செல்வமலர் வாசற்படியில் நின்றாள். டெரெக் தன் பங்குக்கு எல்லாம் பார்த்தார். குழல், வாய், கட்டை. போல்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்தார். அவருடைய பெருவிரல் இலக்கத்தின் மேல் போனது. நின்றது. மறுபடியும் போனது.

இதோ, என்று வாமதேவன் நினைத்தான்.

"என்னவாம் பிள்ளை?" என்று செல்வமலர் மகளைக் கேட்டாள். "அப்பா கடைசியா வாங்கினது. நல்லதோ எண்டு கேள்."

கோசிகா கேட்டாள். டெரெக் போல்ட்டைத் துவக்கில் பூட்டினார். நிதானமாக, அந்த இலக்கத்தைத் தன் உள்ளங்கைக்குள் வைத்தபடியே பூட்டினார்.

"அருமையான துவக்கு என்று அம்மாவிடம் சொல்லு. எங்கள் கிளப்பில் உன் அப்பாவைப்போல் துவக்கு பார்க்கத் தெரிந்தவன் இல்லை. அவன் கொடுத்த அதே விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்."

செல்வமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவருக்கு எல்லாம் தெரியும்" என்றாள். "எல்லாம் தெரியும்."

வாமதேவன் அந்தக் கிழவனைப் பார்த்தான். முன்னூறு பவுணுக்கு மேல் நட்டம் என்று தெரிந்தே, கண் இமைக்காமல் ஒரு பொய். யார் இவன்? எந்த ஊர், எந்தச் சாதிசனம்? அண்ணையோடு ஒரே வயிற்றில் பிறந்தவனுக்கு ஏலாத ஒன்றை, துளை விழுந்த காலுறையோடு வந்து செய்துவிட்டு நிற்கிறான். அண்ணை மேல் அவனுக்கு ஒருநாளும் வராத எரிச்சல் இந்த மனிதன் மேல் வந்தது.

டெரெக் துவக்கு உறையைத் தூக்கிக்கொண்டு இறங்க, வாமதேவனும் பின்னால் தெருவுக்குப் போனான். தூறிக்கொண்டிருந்தது. கார் டிக்கியைத் திறக்கும்வரை பொறுத்திருந்தான்.

"அந்த போல்ட். இலக்கம் பொய். நானும் கண்டேன்." பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு ஆளுக்காவது தெரியவேண்டும் போலிருந்தது. "கடையிலேயே எனக்குத் தெரியும்."

டெரெக் நிமிர்ந்தார். "கடையிலா? நீயா அவனோடு போனாய்?"

"ஓம்" என்றான். தமிழில் வந்துவிட்டது. திருத்தி ஆங்கிலத்தில் சொன்னான்.

கிழவர் அவனை வெகுநேரம் பார்த்தார். மழைத்துளி அவருடைய மூக்கில் இறங்கியது.

"அவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது" என்றார் கடைசியில். "நாலைந்து மாதமாகக் குறிப்பலகையே சரியாகத் தெரியவில்லை. வீட்டில் சொல்லாதே என்றான். உனக்கு இப்போது துவக்கு எதற்கு, இலக்கத்தைக்கூட வாசிக்க மாட்டாயே என்று கேட்டேன். இரும்பு தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவன் பார்த்தால் போதும் என்றான்."

துவக்கை டிக்கிக்குள் கிடத்தி, மேலே ஒரு போர்வையை இழுத்து மூடினார். கார் வளைவில் திரும்பி மறைந்தது. வாமதேவன் தெருவில் நின்றான்.

"சித்தப்பா, நனையாதேங்கோ" என்று கோசிகா வாசலில் இருந்து கூப்பிட்டாள். "அந்த அங்கிளோட என்ன கதைச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லை. பார்க்கிங் எங்கையெண்டு கேட்டவர்."

அவள் உள்ளே போனாள். வாசற்படியில் வந்தவர்களின் சப்பாத்தும் செருப்பும் குவிந்து கிடந்தன. மழை சாய்வாக அடித்து, முன்வரிசை முழுக்க நனையத் தொடங்கியிருந்தது. அவன் குனிந்து, சோடி சோடியாகப் பார்த்து எடுத்து, சுவரோரமாக உள்ளே வைக்கத் தொடங்கினான்.