கென்னத்துக்கும் பத்தியம்

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் சாப்பாட்டுக் கடையில் கென்னத் வந்து உட்கார்ந்தால் கடைக்காரர் நிஜாம் எதையும் கேட்பதில்லை. முட்டை போட்ட ரொட்டி சானாய் இரண்டு, மேலே வழிய வழியக் கறிக்குழம்பு, பக்கத்தில் பெரிய கிளாஸில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ. "கூராங் மானிஸ்தானே பாஸ்?" என்று மட்டும் கேட்பார். சீனி குறைத்த டீயைக் குடித்துவிட்டால் மற்றதெல்லாம் உடம்பில் ஒட்டாது என்று கென்னத் மனதார நம்பினான். கிள்ளானுக்குக் கார் ஓட்டிப் போனதும் வீட்டில் அம்மா வைத்த சாப்பாடு வேறு காத்திருக்கும்.

அந்த வீட்டில் பத்தியம் இருந்தவள் அவன் மனைவி நடாலி. கல்யாணமாகி நாலு வருடமாகியும் பிள்ளை இல்லை. ஐஸ் தண்ணீர் கூடாது, அன்னாசி கூடாது, பப்பாளிப் பக்கமே போகக் கூடாது என்று மாமியார் கெர்ட்ரூட் போடாத சட்டம் இல்லை. நடாலியும் டாக்டர் கொடுத்த மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள். மகன் தட்டில் மட்டும் கோழித் துண்டுகள் குவியும். ஆம்பளை நன்றாகச் சாப்பிட வேண்டுமாம். எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

கிளினிக்கில் டாக்டர் லோகேஸ்வரி நடாலியின் ரிப்போர்ட்டுகளைப் பார்த்து முடித்தார். பிறகு, மூலையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த கென்னத்தை எடை மெஷினில் ஏறச் சொன்னார்.

"எனக்கு எதுக்கு டாக்டர்? கவுண்ட் எல்லாம் ஓகேன்னு சொல்லிட்டாங்க லா."

"விந்தணு எண்ணிக்கை சரிதான் மிஸ்டர் கென்னத். அந்த அணு எதைச் சுமந்துட்டுப் போகுதுங்கிறதுதான் கேள்வி. மரபணுவை ஒரு சமையல் குறிப்புன்னு வச்சுக்குங்க. அதோட ஓரத்துல 'இதைக் கூட்டு, அதைக் குறை'ன்னு பென்சில்ல எழுதின மாதிரி அடையாளங்கள் இருக்கு. உடம்பு ரொம்பப் பருத்துட்டா விந்தணுவுல அந்த அடையாளங்கள் மாறலாம். பசி சம்பந்தப்பட்ட மரபணுக்கள்லயும் மாறுறதை ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. பிள்ளைய அது எவ்வளவு பாதிக்கும்னு இன்னும் முழுசா தெரியாது. அதுக்காகக் கண்ணை மூடிக்க முடியுமா?"

சாவி சுற்றுவது நின்றது. சர்க்கரை நோயில் கால் விரல்களை இழந்து, ஒரு வருடம் படுக்கையில் கிடந்து மறைந்த அப்பா அம்புரோஸ் நினைவுக்கு வந்தார். இன்னும் பிறக்காத பிள்ளையிடம் இதையா கொடுத்தனுப்பப் போகிறோம் என்று நினைத்த கென்னத், சாவியைப் பையில் போட்டுவிட்டு எடை மெஷினில் ஏறினான்.

"அந்த அடையாளங்களை அழிக்க முடியாதா டாக்டர்?"

"பென்சில்தானே. எடை குறைச்சவங்களுக்கு அந்த அடையாளங்களும் மாறியிருக்கு. புது அணு உருவாக ஏறக்குறைய மூணு மாசம் ஆகும். இன்னைக்கே ஆரம்பிங்க."

காரில் ஏறியதும் நடாலி அழுதுவிட்டாள். "இத்தனை நாளும் எல்லாம் என் தலையிலேயே விடிஞ்சுச்சு கென். அதான்" என்றாள். கென்னத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மாலையில் இருவரும் பூங்காவில் நடக்கத் தொடங்கினார்கள். முதல் வாரம் பாதி வழியிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. அடுத்த மாதம் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, கெர்ட்ரூட் இன்னொரு கரண்டி கோழியோடு வந்தார். அவன் தட்டைக் கையால் மறைத்தான்.

"பெத்துக்கப் போறது அவ. நீ ஏன்டா வாயைக் கட்டுற?"

"பிள்ளை அவ வயித்துக்கு வர்றதுக்கு முன்னாடி, அதுல பாதி என் உடம்புலதாம்மா இருக்கு. ரெண்டு பேரும்தான் உடம்பைப் பார்த்துக்கணும். பொம்பளைய மட்டும் கேள்வி கேக்குறது தப்பு."

அம்புரோஸின் தட்டையும் இப்படித்தான் நிரப்பினோம் என்று நினைத்தாரோ என்னவோ, கெர்ட்ரூட் கரண்டியில் இருந்த கோழியைச் சட்டிக்கே திருப்பினார். பிறகு மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன்னைத்தான் ரொம்பப் படுத்திட்டேன் நடாலி. அப்பாவாகுறவனுக்கும் பத்தியம் உண்டுன்னு எங்க காலத்துல யாரும் சொல்லலையே."